பனியில் பயின்ற கடற்படைப் பெண்கள்

இரண்டாம் உலகப் போரில் கடற்படைச் சீருடை அணிந்த பெண்களில் பெரும்பாலோர் போர்க்கப்பலில் பணியாற்றியதே இல்லை. சேர்ந்தது கடற்படையில், பயின்றது கல்லூரி விடுதிகளில், வேலை பார்த்தது துறைமுக அலுவலகங்களிலும் சங்கேத அறைகளிலும் கிடங்குகளிலும். அமெரிக்காவில் இந்தப் பயிற்சியின் முதல் சுற்றுகள் பல உறைபனிக் காலத்தில், கடலே கண்ணில் படாத ஊர்களில் நடந்தன. அதே போர்க்காலத்தில் இந்தியாவிலும் பெண்களுக்கெனக் கடற்படைக் கிளை ஒன்று இருந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து இன்று, பெண் பயிற்சி அதிகாரிகளையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகப்போகும் கப்பல்களைக் கட்டும் பொறுப்பு திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பள்ளிக்கு வந்திருக்கிறது. ஊத்துக்கோட்டை வழியாக ஓடிவரும் ஆரணியாறு போய்ச் சேரும் பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே உள்ள கடற்கரை அது. பெண்களின் கடற்படைப் பயிற்சி கரையிலிருந்து கடலுக்கு நகர்ந்த வரலாறு நீண்டது.

கரை வேலைக்குப் பெண்கள்

ஒரு போர்க்கப்பல் கடலில் நிற்க வேண்டுமானால் கரையில் அதற்காக ஒரு பெருங்கூட்டம் வேலை செய்தாக வேண்டும். கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்ப வேண்டும். வந்த சங்கேதத்தை விடுவிக்க வேண்டும். சம்பளப் பட்டியல் எழுத வேண்டும். உதிரிப் பாகங்களுக்குக் கணக்கு வைக்க வேண்டும். வானிலையைக் குறிக்க வேண்டும். போர் நீள நீள, இந்த வேலைகளில் இருந்த ஆண்கள் கப்பலுக்குத் தேவைப்பட்டார்கள். அவர்கள் விட்டுச் செல்லும் இடத்தில் பெண்களை அமர்த்துவது என்ற முடிவுக்குப் பல நாடுகளும் வந்தன.

இதில் முந்திக்கொண்டது பிரிட்டன். முதல் உலகப் போரின்போது 1917-இல் அங்கு கடற்படைப் பெண்கள் பிரிவு தொடங்கப்பட்டது. போர் முடிந்ததும் 1919-இல் கலைக்கப்பட்டது. அடுத்த போர் நெருங்கியபோது, 1939 ஏப்ரலில் அதை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். தலைவர் வெரா லாட்டன் மேத்யூஸ். 'ரென்' என்ற செல்லப்பெயரால் அழைக்கப்பட்ட இந்தப் பெண்களின் எண்ணிக்கை 1944-இல் 70,000-ஐத் தாண்டியது. ஓர் ஆணைக் கடலுக்கு விடுவிக்கப் பெண்ணே முன்வா என்பதுதான் அவர்களைச் சேர்க்க ஒட்டிய சுவரொட்டிகளின் சாரம்.

ஜூலையில் சட்டம், டிசம்பரில் அடிப்படைப் பயிற்சி

அமெரிக்கா போரில் இறங்கியது 1941 டிசம்பரில். பெண்களைக் கடற்படையின் காப்புப் பிரிவில் சேர்க்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது 1942 ஜூலை 30 அன்று. அந்தப் பிரிவுக்கு 'வேவ்ஸ்' என்று பெயர். வெல்லெஸ்லி கல்லூரியின் தலைவராக இருந்த மில்ட்ரெட் மெக்காஃபி அதன் முதல் இயக்குநர் ஆனார். வேலைக்கு ஆள் உடனே தேவை. பயிற்சித் தளம் கட்ட அவகாசம் இல்லை. கடற்படை கல்லூரிகளின் கதவைத் தட்டியது. விடுதி, சமையலறை, வகுப்பறை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் அங்கே தயாராக இருந்தன. மாணவர்கள் பலர் போருக்குப் போய்விட்டதால் பல வளாகங்களில் இடமும் காலியாகிக்கொண்டிருந்தது.

அதிகாரிகளுக்கான பயிற்சி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டன் நகரில், ஸ்மித் கல்லூரியில் 1942 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கியது. சாதாரண நிலையில் சேர்ந்தவர்களுக்கு அக்டோபரில் மூன்று பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் ஆரம்பித்தன. எழுத்தர் வேலை ஓக்லஹோமாவில். கிடங்குக் கணக்கு இந்தியானாவில். வானொலித் தந்தி விஸ்கான்சினில். அடிப்படைப் பயிற்சியைத் தனியாகக் கொடுக்க, டிசம்பர் நடுவில் அயோவா மாநிலத்தின் சீடர் ஃபால்ஸ் நகரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த இடமும் போதாமல், 1943 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஹன்டர் கல்லூரி வளாகம் முழுநேரப் பயிற்சி நிலையமானது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ 2,000 பேர் அங்கு வந்து இறங்கினார்கள். அவர்களைத் தங்கவைக்க அக்கம்பக்கத்து அடுக்குமாடி வீடுகளைக் கடற்படை கையகப்படுத்தியது. போர் முடிவதற்குள் 80,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அந்த வாசலைக் கடந்தார்கள்.

கோடையில் சட்டம் வந்து, இலையுதிர் காலத்தில் ஆள் சேர்த்ததால், முதல் அலையாக வந்த பெண்கள் நேராகப் பனிக்காலத்தில் போய் விழுந்தார்கள். சீடர் ஃபால்ஸ் நடுநிலப் புல்வெளிப் பிரதேசத்து ஊர். கடற்கரை அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஜனவரியில் பகலிலும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேதான். இரவில் கழித்தல் 20 டிகிரிக்குப் போவதும் உண்டு. மார்கழி விடியலில் 20 டிகிரிக்குச் சற்றுக் குறைந்தாலே தலையில் மஃப்ளர் கட்டிக்கொள்ளும் ஊத்துக்கோட்டைவாசிக்கு அந்தக் குளிரின் அளவு இதிலிருந்து புரியும். கலிஃபோர்னியா போன்ற வெப்ப மாநிலங்களிலிருந்து வந்த பெண்களுக்கும் அது புதிய அனுபவமே.

பயிற்சி நாள் எப்படி இருந்தது

விடியும் முன் எழுப்புவார்கள். படுக்கையைச் சுருக்கம் இல்லாமல் விரித்து, ஓரங்களைச் சதுரமாக மடித்துச் செருகி, தரையைத் துடைத்துவிட்டுத்தான் காலை உணவு. அந்தத் தரைக்குப் பெயர் தரை கிடையாது, கப்பல் தளம். சுவர், படிக்கட்டு, சமையலறை எல்லாவற்றுக்கும் கப்பலில் வழங்கும் பெயரைத்தான் சொல்ல வேண்டும். கட்டடத்தைவிட்டு வெளியே போவதுகூடக் கப்பலிலிருந்து கரையிறங்குவதாகவே கணக்கு. சோளக்காட்டு நடுவே இருக்கும் விடுதியில் இந்தப் பேச்சு வேடிக்கையாகத் தோன்றலாம். தினமும் கடற்படையோடு தொலைபேசியிலும் தந்தியிலும் பேசப்போகிறவர்களுக்கு அந்த மொழி நாக்கில் தங்க வேண்டியிருந்தது.

வகுப்பில் கடற்படையின் அமைப்பு, பதவி வரிசை, கப்பல் வகைகள், விமானங்களின் உருவத்தைப் பார்த்து அடையாளம் காண்பது, அலுவலகக் கடித முறை ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு உடற்பயிற்சி, நீச்சல், வரிசையாகத் தடுப்பூசிகள். சனிக்கிழமை ஆய்வு என்பது பயிற்சியாளர்களை நடுங்கவைத்த நிகழ்ச்சி. வெள்ளைக் கையுறை அணிந்த அதிகாரி கதவு மேல்விளிம்பில் விரலை ஓட்டுவார். தூசு ஒட்டினால் அறைக்கே கரும்புள்ளி.

அணிவகுப்புதான் குளிரின் முழுச் சுமையையும் ஏற்றியது. வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் அணிவகுத்துத்தான் போக வேண்டும். நார்த்தாம்ப்டனில் பயிற்சி அதிகாரிகள் விடுதியிலிருந்து தெருவில் அணிவகுத்து, ஊர் ஓட்டல் ஒன்றின் உணவகத்துக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினார்கள். பனி உறைந்து வழுக்கும் சாலையில் ஒருவர் சறுக்கினால் பின்னால் வரும் வரிசையே குலையும். சீருடையை மெயின்போஷர் என்ற புகழ்பெற்ற உடை வடிவமைப்பாளர் வடிவமைத்திருந்தார்: கருநீல மேலங்கி, அதே நிறப் பாவாடை, காலுறை. கால்சட்டை கிடையாது. முதல் அணிகளுக்குச் சீருடை தைத்து வருவதற்குள் சில வாரங்கள் ஓடிவிட்டன; அதுவரை வீட்டிலிருந்து உடுத்தி வந்த உடையிலேயே நடந்தார்கள். கனத்த மேற்கோட்டு கைக்கு வந்தபோதும் முழங்காலுக்குக் கீழே குளிரைத் தாங்க மெல்லிய காலுறை மட்டுமே இருந்தது. பலர் நெருக்கமாகத் தங்கும் அறைகளில் சளி, காய்ச்சல் வேகமாகப் பரவும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைப்பது, நோயுற்றவரை உடனே பிரித்து வைப்பது ஆகியவையும் ஒழுங்கின் பகுதியாயின.

வகுப்பறையிலிருந்து சங்கேத அறைக்கு

பயிற்சி முடிந்தவர்கள் போன இடங்கள் பலவகை. எழுத்தர்களும் கணக்கர்களும்தான் அதிகம். சிலர் விமானிகளுக்குத் தரையிலேயே பறக்கும் பயிற்சி தரும் பாவனைக் கருவிகளை இயக்கினார்கள். சிலர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நின்று விமானங்களுக்கு வழிகாட்டினார்கள். ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சுமார் 600 பெண்கள், ஜெர்மானிய 'எனிக்மா' சங்கேதத்தை உடைக்கும் இயந்திரங்களுக்கான பாகங்களில் கம்பிகளைப் பற்றவைத்தார்கள். எதற்காகச் செய்கிறோம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் அத்தகைய இயந்திரங்களை இரவு பகலாக இயக்கியவர்கள் பெரும்பாலும் ரென்கள்.

வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்த கிரேஸ் ஹாப்பர் 1943 டிசம்பரில் சேர்ந்தபோது அவருக்கு வயது 37. கடற்படை நிர்ணயித்திருந்த எடைக்கு அவர் குறைவாக இருந்ததால் விதிவிலக்கு வாங்கித்தான் சேர முடிந்தது. நார்த்தாம்ப்டனில் 1944-இல் வகுப்பில் முதலாவதாகத் தேறி, ஹார்வர்டில் 'மார்க் 1' கணிப்பொறிக்கு நிரல் எழுதப் போனார். பிற்காலத்தில் கணினி நிரல் மொழிகளின் முன்னோடியாக அறியப்பட்ட அவர், 1986-இல் ஓய்வுபெற்றபோது ரியர் அட்மிரல்.

கறுப்பினப் பெண்களுக்கு இந்தக் கதவு நெடுநாள் திறக்கவில்லை. 1944 அக்டோபரில்தான் அனுமதி வந்தது. ஹாரியட் பிக்கென்ஸ், பிரான்சஸ் வில்ஸ் என்ற இருவர் நார்த்தாம்ப்டனின் கடைசி அணியில் சேர்ந்து, 1944 டிசம்பர் 21 அன்று பயிற்சி முடித்து முதல் கறுப்பின அதிகாரிகள் ஆனார்கள். தாமதமாகச் சேர்ந்ததால் மற்றவர்களுக்கு இணையாக வர, அந்தக் குறுகிய காலத்துக்குள் அவர்கள் கூடுதலாகப் படிக்க வேண்டியிருந்தது. போர் முடியும்போது வேவ்ஸ் பிரிவில் 80,000-க்கும் அதிகமான பெண்கள் இருந்தார்கள். அப்போதும் கப்பல் பணிக்கு அவர்களில் எவருக்கும் அனுமதி இல்லை.

இந்தியப் பெருங்கடலில்

கப்பலில் பணி இல்லை என்பதால் கடலின் ஆபத்து இல்லாமல் போகவில்லை. பணியிடம் போய்ச் சேரக் கடலைக் கடந்தாக வேண்டும். மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற கப்பலை 1944 பிப்ரவரி 12 அன்று மாலத்தீவுப் பகுதியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. இறந்தவர்கள் 1,297 பேர். அவர்களில் 77 பேர் பெண்கள். செவிலியரும் ரென்களும் அதில் அடக்கம். இலங்கை அப்போது நேச நாடுகளின் முக்கியக் கடற்படைத் தளம். கொழும்பில் இருந்த ஆண்டர்சன் நிலையத்தில் ஜப்பானியக் கடற்படைச் செய்திகளை ஒட்டுக்கேட்டு உடைக்கும் வேலையில் ரென்கள் இருந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்திலும் அவர்கள் பணியாற்றினார்கள்.

தமிழ்நாட்டுக் கரைக்கும் போர் வெகு தொலைவில் இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும், வடக்கே விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. சென்னை அடுத்தது என்ற அச்சத்தில் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு உட்பகுதி ஊர்களுக்குக் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்கள் பல வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிவிட்டும் போனது.

இந்தியாவின் கடற்படைப் பெண்கள்

அந்த 1942-ஆம் ஆண்டிலேயே இந்தியப் பெண்கள் துணைப்படை அமைக்கப்பட்டது. ஆங்கிலேயப் பெண்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள், இந்தியப் பெண்கள் எனப் பலரும் சேர்ந்தார்கள். உச்சத்தில் 10,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். இதன் கடற்படைக் கிளை, அரச இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவு என்று பெயர் பெற்றது, சுருக்கமாக 'ரின்ஸ்'. அலுவலக வேலை, தகவல் தொடர்பு, சங்கேதம் ஆகியவை இவர்களின் பொறுப்பு. இந்திய உறுப்பினர்கள் சீருடையாகச் சேலையே உடுத்தலாம். தோளில் பதவிப் பட்டையோடு சேலை உடுத்திய கடற்படை அதிகாரியின் உருவம் அக்காலப் படங்களில் பதிவாகியுள்ளது.

அந்தப் படங்களில் இருப்பவர் கல்யாணி சென். செகண்ட் ஆபீசர் பதவியில் இருந்த அவர், இப்பிரிவின் துணை இயக்குநர் மார்கரெட் கூப்பருடன் 1945-இல் பிரிட்டன் சென்றார். அங்கு ரென்களுக்குப் பயிற்சி எப்படித் தரப்படுகிறது, நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதை இருவரும் இரண்டு மாதம் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அந்த ஜூனில் ஸ்காட்லாந்தின் ரோசைத் கடற்படைத் தளத்தையும் பார்வையிட்டார்கள். படைச்சேவையில் இருந்தபடி பிரிட்டன் சென்ற முதல் இந்தியப் பெண் கல்யாணி சென்தான். ஆண்களோடு சேர்ந்து பெண்கள் வேலை செய்வதை இந்தியக் குடும்பங்கள் ஏற்கத் தயங்குகின்றன என்றும், சேர ஆர்வப்படும் பெண்களே அந்தத் தயக்கத்தைத் தகர்த்து வருகிறார்கள் என்றும் அவர் அப்போது கூறினார். அயோவாவில் பயிற்சியின் முதல் சோதனை பனி என்றால், இந்தியாவில் அது வீட்டு வாசலைத் தாண்டுவது.

எதிர்த்தரப்பிலும் தமிழ்ப் பெண்கள் போர்ப் பயிற்சி பெற்றார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படை அமைந்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயா ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் அதில் பெருமளவில் இருந்தார்கள். அது தரைப்படை, அவர்கள் பயின்றது துப்பாக்கி.

கலைப்பும் மறுவரவும்

போர் முடிந்ததும் எல்லா நாடுகளும் பெண்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. அமெரிக்கா 1948 ஜூனில் சட்டம் இயற்றி அவர்களை நிரந்தரப் படையில் சேர்த்தது. ஆனாலும் போர் புரியாத கப்பல்களில் இடம் கிடைக்க 1978 வரையும், போர்க்கப்பல்களில் இடம் கிடைக்க 1994 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் ரென்கள் 1990-இல் கப்பலேறினார்கள். தனிப் பிரிவு 1993-இல் கடற்படையோடு இணைந்துவிட்டது.

இந்தியாவில் இடைவெளி இன்னும் நீளம். ரின்ஸ் கலைக்கப்பட்டபின், மருத்துவப் பணிகள் நீங்கலாக, 1992 வரை கடற்படை பெண் அதிகாரிகளைச் சேர்க்கவில்லை. அந்த ஆண்டில் கல்வி, சட்டம், தளவாடம் ஆகிய கிளைகளில் குறுகிய காலப் பணிக்கு எடுத்தார்கள். கிட்டத்தட்ட போர்க்காலத்துக் கரை வேலைகளே திரும்ப வந்தன. நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020 மார்ச் 17 அன்று. அதன் பிறகு மாற்றம் வேகம் பிடித்தது. 2023 டிசம்பரில் ஐ.என்.எஸ். திரிங்கட் கப்பலின் தலைமைப் பொறுப்பு லெப்டினன்ட் கமாண்டர் பிரேர்ணா தேவ்ஸ்தலியிடம் ஒப்படைக்கப்பட்டது. கடற்படைக் கப்பல் ஒன்றுக்குப் பெண் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை.

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்மரப் படகில் கிளம்பினார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். தென்னமெரிக்காவின் தென்முனையான ஹார்ன் முனையைச் சுற்றி, உறைகுளிரிலும் பெருங்காற்றிலும் இருவர் மட்டுமே மாறிமாறிக் கண்விழித்துப் படகைச் செலுத்தினார்கள். கப்பலேற அனுமதி இல்லாமல் கரையில் நின்ற தலைமுறைக்கும் இவர்களுக்கும் உள்ள தூரம் இதில் தெரியும்.

சிலிகா ஏரியில் ஒரு குளிர்காலம்

அதிகாரிகள் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே மாலுமி நிலையில் பெண்கள் எடுக்கப்பட்டார்கள். 2022-இல் அக்னிபாத் திட்டத்தில் அக்னிவீரர்களாகச் சேர்ந்த முதல் அணி, அந்தக் குளிர்காலத்தில் ஒடிசாவின் ஐ.என்.எஸ். சிலிகா தளத்தில் பயிற்சி பெற்றது. பழவேற்காடு நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி, முதலாவது சிலிகா. இரண்டிலும் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும். அந்த ஏரிக்கரையில் சுமார் 16 வாரம் அணிவகுப்பு, நீச்சல், துப்பாக்கி சுடுதல், கப்பல் அறிவு, தீயணைப்பு எல்லாம் ஆண்களோடு ஒன்றாக நடந்தன. 2023 மார்ச் 28 அன்று நிறைவு அணிவகுப்பில் நடந்த சுமார் 2,600 பேரில் 270-க்கும் மேற்பட்டோர் பெண்கள். வழக்கமாகக் காலையில் நடக்கும் அந்த அணிவகுப்பு அன்று சூரியன் மறைந்தபின் விளக்கொளியில் நடந்தது.

காட்டுப்பள்ளியின் பங்கு

அதிகாரிகளாகச் சேர்பவர்கள் கேரளத்தின் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாதமியில் அடிப்படைப் பயிற்சி முடித்தபின் கடல் பயிற்சிக்குப் போவார்கள். கொச்சியைத் தளமாகக் கொண்ட பயிற்சிக் கப்பல் அணி அதைக் கவனிக்கிறது. இந்த வேலைக்கென்றே மூன்று புதிய கப்பல்கள் கட்ட, 2023 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் எல் அண்ட் டி நிறுவனத்துடன் சுமார் 3,100 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. கட்டும் இடமாகக் காட்டுப்பள்ளி அறிவிக்கப்பட்டது. பெண்கள் உள்ளிட்ட பயிற்சி அதிகாரிகளுக்குக் கடலில் பயிற்சி தருவதே கப்பல்களின் நோக்கம் என்று அரசின் அறிவிப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. நட்பு நாடுகளின் பயிற்சி அதிகாரிகளும் இவற்றில் பயில்வார்கள். புயல், வெள்ளக் காலங்களில் மக்களை மீட்கவும் நிவாரணம் கொண்டுபோகவும் இவை உதவும்.

பெண்களுக்கான தங்குமிடமும் குளியலறையும் கப்பலின் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். பெண்களைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதற்குப் பல நாட்டுக் கடற்படைகள் நெடுங்காலம் சொல்லிவந்த காரணங்களில் ஒன்று, இந்த வசதிகள் இல்லை என்பதுதான்.

இன்றைய வழிகள்

பள்ளியில் கணிதமும் இயற்பியலும் படித்துப் பிளஸ் டூ முடித்த பெண்கள் அக்னிவீரராக விண்ணப்பிக்கலாம். கணினிவழித் தேர்வு, உடல்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை என்று தேர்வு நடக்கும், பயிற்சி சிலிகாவில். அதிகாரியாக விரும்பும் பிளஸ் டூ மாணவிகளுக்கு மத்திய பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வு உண்டு. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2022-இல் அங்கு சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பொறியியல் உள்ளிட்ட பட்டங்கள் பெற்றவர்கள் குறுகிய காலப் பணி வழியாக விண்ணப்பித்து, படைத்தேர்வு வாரியத்தின் நேர்காணலைச் சந்திக்கலாம். பள்ளி, கல்லூரிகளில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் பெற்ற 'சி' சான்றிதழுக்குச் சில நுழைவுகளில் சலுகை உண்டு.